ஆட்டுக் கண்ணுக்குள்ள மின்னுற அந்த நீலம் எதுங்க ஐயா?

(வாசகர் கேள்வி பதில். இந்த மாசம்: விழித்திரை. பதில் எழுதுறவர் கால்நடைக் கல்லூரியில திசுவியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர்.)

போன மாசம் இந்தப் பக்கத்துல "கறிக்கடையில ஒரு ஆட்டுக் கண் கேட்டு வாங்கி வெட்டிப் பாருங்க, புத்தகத்துல இல்லாதது நிறைய தெரியும்"னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். நிஜமாவே நிறைய பேர் வாங்கி வெட்டிப் பாத்திருக்கீங்க, படிக்கப் படிக்க மனசு நிறைஞ்சு போச்சு. வந்த கேள்வியில பாதிக்கு மேல விழித்திரையச் சுத்தியே இருக்கு, அதனால இந்தத் தடவ வேற எதையும் தொடல.

கேள்வி: கண்ண பிளேடால ரெண்டாப் பிளந்தேன் ஐயா. பின்பக்கம் உள்ள மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையுமா மின்னுச்சு. மனுஷக் கண்ணு படத்துல அந்த இடம் கறுப்பா இருக்குதே, அப்ப இந்த நீலம் தான் விழித்திரையா? – விலங்கியல் மாணவி, நாகர்கோவில்

இல்லம்மா. விழித்திரை அதுக்கு முன்னாடியே உன் கைக்கு வந்திருக்கும், நீ ஜவ்வுன்னு நினைச்சு ஒதுக்கித் தள்ளியிருப்ப. அடுத்த தடவ பிளந்த பாதிக் கண்ண ஒரு தட்டுல தண்ணி ஊத்தி அதுக்குள்ள வை. பாலாடை மாதிரி வெளுத்து மெலிசா ஒண்ணு மிதந்து எழும்பி வரும், எல்லாப் பக்கமும் கழண்டு ஒரே ஒரு புள்ளியில மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். அந்தப் புள்ளி தான் பார்வை நரம்பு வெளிய போற இடம். மிதக்குது பாரு, அது தான் விழித்திரை. வெளிச்சத்த வாங்குற ராட், கோன் செல்லு, அதுக்கு மேல அந்தச் சேதிய வாங்கிக் கடத்துற பைபோலார், அதுக்கும் மேல கேங்லியன் செல்னு பத்து லேயர் படிச்சிருப்பியே, அதுல கடைசி நிறமிச் செல் வரிசை போக மிச்சம் ஒன்பதும் இந்தக் கால் மில்லிமீட்டர் தடிமன் கூட வராத ஆடைக்குள்ள அடங்கியிருக்கு.

அது ஏன் அவ்வளவு சுலபமா கழண்டுச்சுன்னா, ராட் கோன் செல்லோட நுனிக்கும் அதுக்குப் பின்னாடி இருக்குற நிறமிச் செல் வரிசைக்கும் நடுவுல ஒட்டு எதுவும் கிடையாது, விரல கோத்த மாதிரி சும்மா சொருகியிருக்கு அவ்வளவு தான். நம்ம ஆளுங்களுக்கு விழித்திரை விலகிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரே, அது பிரியறதும் இதே இடத்துல தான்.

இப்ப நீலத்துக்கு வருவோம். அதுக்குப் பேரு டபீட்டம். விழித்திரைக்குப் பின்னாடி கோராய்டுங்குற ரத்தக்குழாய் அடுக்குல உக்காந்திருக்கு. ஆடு, செம்மறி, மாடு, குதிரைக்கெல்லாம் இது கொலாஜன் நார். மைக்ரோஸ்கோப்ல பாத்தா நார் நாரா ஒரே திசையில அடுக்கி வச்ச மாதிரி தெரியும். அதுல நீலச் சாயம்னு எதுவுமே கிடையாது, நாருக்கு நார் இருக்குற இடைவெளி தான் எந்த நிறம் திரும்பி வரணும்னு முடிவு பண்ணுது. மயில் தோகையில தெரியுற நீலமும் இதே கணக்கு தான், அதனால நீ மயில் கழுத்துன்னு எழுதினது ரொம்பச் சரி. பூனை நாய்க்கு நார் இல்ல, செல்லே தான் டபீட்டம். தட்டையான செல்லு செங்கல் அடுக்கின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா, பூனைக்கு நடுவுல 15, 20 வரிசை வரைக்கும் இருக்கும். நமக்கு, குரங்குக்கு, பன்னிக்கு, அணிலுக்கு, எலிக்கு இதெல்லாம் கிடையாது.

வேலை என்னன்னா, ராட் செல்லு பிடிக்காம விட்டுட்ட வெளிச்சத்த திருப்பி அனுப்பி ரெண்டாவது சான்ஸ் குடுக்குறது. ராத்திரி ரோட்டுல மாட்டுக் கண்ணு டார்ச்சுக்கு மின்னுதுல்ல, அந்த ரெண்டாவது தடவையும் பிடிபடாம வெளிய வர்ற மிச்ச வெளிச்சம் தான் நமக்குத் தெரியுறது. திரும்பி வர்ற வெளிச்சம் கொஞ்சம் சிதறும், அதனால கூர்மை குறையும். ராத்திரி மேயுற பிராணிக்கு அந்த நஷ்டம் பரவாயில்ல.

இன்னொண்ணு, நீ கவனிச்சியான்னு தெரியல, நீலம் கண்ணோட மேல் பாதியில தான் இருக்கும், கீழ்ப் பாதி கறுப்பா இருக்கும். கண்ணுக்குள்ள பிம்பம் தலைகீழா விழுறதால, இருட்டான தரை மேல் பாதியில விழுது, வெளிச்சமான வானம் கீழ்ப் பாதியில விழுது. கண்ணாடி எங்க தேவையோ அங்க மட்டும் இருக்கு. ஸ்லைடுல பாத்தா இன்னும் அழகு, டபீட்டம் இருக்குற இடத்துல மட்டும் அதுக்கு மேல இருக்குற நிறமிச் செல்லுல நிறமியே இருக்காது, வெளிச்சம் போய் வர வழி விட்டு வெறுமையா நிக்கும். டபீட்டம் முடியுற இடம் தாண்டினதும் அதே வரிசையில பழுப்பு மணி மணியா ஆரம்பிச்சிடும்.

வட துருவப் பக்கம் நார்வேயில இருக்குற ரெயின்டீர் மானுக்கு இந்த டபீட்டம் கோடையில தங்க நிறம், குளிர்காலத்துல கரு நீலம். 2013ல இத வெளியிட்டாங்க. மாசக்கணக்குல இருட்டு, கண் பாப்பா விரிஞ்சே இருக்கு, கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நாருக்கு நடுவுல இருக்குற தண்ணிய பிழிஞ்சு எடுத்துடுது, இடைவெளி குறையுது, நிறம் நீலத்துக்குப் போயிடுது. இதப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம்.

கேள்வி: பிராக்டிகல் பரீட்சையில லேபிள் இல்லாத விழித்திரை ஸ்லைடு ரெண்டு வச்சாங்க சார். ரெண்டுமே ஒரே மாதிரி நீலமும் ரோஸுமா கோடு கோடா தான் தெரிஞ்சுது. எந்தப் பிராணின்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? – கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்

இருக்கு தம்பி. பிராணி பேர் அப்படியே தெரியாது, ஆனா அது பகல்ல திரியுற ஜீவனா ராத்திரி திரியுற ஜீவனான்னு அர நிமிஷத்துல சொல்லிடலாம், அங்கேர்ந்து நெருங்கிப் போயிடலாம். நான் 30 வருஷத்துக்கு மேல இதத் தான் பசங்களுக்குச் சொன்னேன், லேயர் பேர மனப்பாடம் பண்றத நிறுத்திட்டு மூணு நீலப் பட்டையோட தடிமன ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாருங்கன்னு.

நீலமா தெரியுறதெல்லாம் நியூக்ளியஸ். வெளிப் பட்டை ராட், கோனோட நியூக்ளியஸ். நடுப் பட்டை பைபோலார், ஹரிசான்டல், அமக்ரைன், அப்புறம் முல்லர் செல். உள் பட்டை கேங்லியன், பார்வை நரம்பா மூளைக்குப் போறது இதோட வால் தான். இப்ப எலி ஸ்லைட வை. வெளிப் பட்டை 10, 12 வரிசை நெருக்கமா கடுகு கொட்டின மாதிரி இருக்கும், நடுப் பட்டை அதுல பாதி கூட வராது, கேங்லியன் செல்லு ஒத்தை வரிசையா அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. அணில் ஜாதி ஸ்லைட வை, அப்படியே தலைகீழ். வெளிப் பட்டை ஒண்ணு ரெண்டு வரிசையோட முடிஞ்சிடும், நடுப் பட்டை தடிச்சுக் கிடக்கும், கேங்லியன் செல்லும் நெருக்கமா நிக்கும்.

காரணத்த யோசிச்சா மறக்கவே மறக்காது. சுண்டெலிக்கு ஒளி வாங்குற செல்லுல 97 சதவீதம் ராட், 3 சதவீதம் தான் கோன். இருட்டுல ஒரு துளி வெளிச்சம் கிடைச்சாலும் விடக் கூடாதுன்னு ஏகப்பட்ட ராட் செல்லு சேந்து தங்களுக்குக் கிடைச்சத ஒரே பைபோலார்ல கொட்டுது, அந்தப் பைபோலார் பல சேந்து ஒரு கேங்லியன்ல கொட்டுது. ஊர்ல பல வாய்க்கால் ஒரே ஏரிக்குப் போற மாதிரி. அதனால வெளிய கூட்டம், உள்ள போகப் போக ஆள் குறைச்சல். தரை அணில எடுத்துக்கோ, 85 சதவீதம் கோன். பகல்ல வெளிச்சத்துக்குப் பஞ்சமில்ல, எங்கேர்ந்து பருந்து வருதுன்னு துல்லியமா தெரியணும், அதுக்கு ஒவ்வொரு கோனோட சேதியும் தனித்தனியா உள்ள போகணும், அதனால உள்ள ஆள் அதிகம் வேணும். ராட் மங்கல் வெளிச்சத்துக்கு, கோன் பகலுக்குன்னு மாக்ஸ் ஷுல்ட்சே 1866லயே ஜெர்மனியில சொன்னது, இப்படி ராத்திரிப் பிராணியையும் பகல் பிராணியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மைக்ரோஸ்கோப்ல பாத்துத் தான். வேற கருவி எதுவும் அவர் கையில இல்ல.

இன்னும் கிட்டப் போகணும்னா ஆயில் லென்ஸ போட்டு ராட் நியூக்ளியஸ் ஒண்ண மட்டும் பாரு. சுண்டெலிக்கு ஒவ்வொரு நியூக்ளியஸ் நடுவுலயும் ஒரே ஒரு கரும்புள்ளி அடர்த்தியா இருக்கும், ஓரம் வெளுப்பா இருக்கும். இது சாதாரண விஷயமே இல்ல. உடம்புல மத்த பெரும்பாலான செல்லுலயும் அடர்த்தியான டி.என்.ஏ. ஓரத்துல ஒட்டியிருக்கும், நடுப்பகுதி லேசா இருக்கும், இங்க அது உள்ளது வெளியா மாறியிருக்கு. இரினா சொலோவேயும் அவங்க கூட வேலை பாத்தவங்களும் 2009ல இதப் பல பாலூட்டிகள்ல ஒப்பிட்டுப் பாத்தாங்க, ராத்திரிப் பிராணிங்களுக்கு இப்படி மாறியிருக்கு, பகல் பிராணிங்களுக்கு வழக்கம் போல இருக்கு. எலிக்குட்டி பிறக்குறப்ப நியூக்ளியஸ் சாதாரணமா தான் இருக்கும், அப்புறம் சில வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா உள்ளது வெளியா திரும்புது. எதுக்குன்னா, நம்ம கண்ணு மாதிரியே எலிக் கண்ணுலயும் வெளிச்சம் மொத்த விழித்திரையையும் கடந்து பின்னாடி போய்த் தான் ராட் நுனியில படணும், வழியில 10 வரிசை நியூக்ளியஸ் நிக்குது, அது ஒவ்வொண்ணும் வெளிச்சத்த சிதற விட்டா பின்னாடி என்ன மிஞ்சும்? நடுவுல அடர்த்தியா இருக்குற நியூக்ளியஸ் ஒரு குட்டி லென்ஸ் மாதிரி வேலை செஞ்சு கீழ இருக்குற அடுத்த நியூக்ளியஸுக்கு வெளிச்சத்த ஒப்படைக்குது. செல்லோட நியூக்ளியஸ் பார்வைக்காக தன் உள் அமைப்பையே மாத்திக்குதுன்னா அதுக்கு மேல என்ன சொல்ல!

அப்புறம் ரத்தக்குழாய் பாரு. நாய், பூனை, மாடு, மனுஷன், எலி இதுக்கெல்லாம் விழித்திரையோட உள் பாதியில முழுக்கக் குட்டிக் குட்டியா ரத்தக்குழாய் தெரியும். குதிரைக்கு நரம்பு கிளம்புற இடத்தச் சுத்தி மட்டும். முயலுக்கு நரம்போட ரெண்டு பக்கமும் படுக்கை வாட்டுல ஒரு பட்டையில மட்டும், கூடவே வெள்ளை வெளேர்னு மயலின்ங்குற கொழுப்பு உறை போட்ட நரம்பு இழையும் வரும், அதப் பாத்தா கண்ண மூடிக்கிட்டு முயல்னு எழுதலாம். ரத்தக்குழாய் இல்லாத விழித்திரை மெலிசா தான் இருக்கும், பின்னாடி கோராய்டுலேர்ந்து ஆக்சிஜன் ஊறி வர்ற தூரத்துக்கு மேல தடிக்க முடியாது.

இந்த விதிய வேற மாதிரி தாண்டினது பழந்தின்னி வௌவால். முதல் தடவ அந்த ஸ்லைட பாத்தப்ப செக்‌ஷன் வெட்டுறப்ப கசங்கிப் போச்சுன்னு தான் நினைச்சேன், வெளிப் பட்டை ரம்பப் பல்லு மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகுது. வேற ஒரு கண்ணுல வெட்டினாலும் அதே ரம்பம். அப்புறம் தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், அதோட விழித்திரைக்குள்ள ரத்தக்குழாய் கிடையாது, அதுக்குப் பதிலா கோராய்டு விரல் விரலா கிளம்பி விழித்திரைக்குள்ள குத்தி நிக்குது, ஒவ்வொரு விரலுக்குள்ளயும் ஒரு ரத்தக்குழாய். ராட் செல்லெல்லாம் அந்த மேடு பள்ளத்துல ஏறி இறங்கி நிக்குது. பாலூட்டியில வேற எதுக்கும் இப்படி இல்ல, ஸ்லைடு கிடைச்சா விட்டுடாத.

ஒரு எச்சரிக்கை. கண்ண முழுசா ஃபார்மலின்ல போட்டு வச்ச ஸ்லைடா இருந்தா ராட் நுனிக்கும் நிறமிச் செல்லுக்கும் நடுவுல வெறும் இடைவெளி தெரியும், அத நோய்னு எழுதிடாத. நிஜமா உயிரோட இருக்குறப்பவே விலகியிருந்தா நிறமிச் செல்லு உப்பி உயரமா கல்லறைக் கல்லு நட்ட மாதிரி நிக்கும், சும்மா தட்டையா இருந்தா அது ஃபார்மலின் பண்ண வேலை. கண்ணப் பதப்படுத்த ஃபார்மலின விட டேவிட்சன் திரவம் தான் நல்லதுன்னு சொல்றது இதனால தான்.

கேள்வி: நாய்க்கு கறுப்பு வெள்ளை தான் தெரியுமாமே? – இல்லத்தரசி, சேலம்

இல்லைங்கம்மா, நாய்க்கு ரெண்டு வகை கோன் இருக்கு, நீலமும் மஞ்சளும் நல்லா பிரிச்சுப் பாக்கும், சிவப்பும் பச்சையும் தான் குழம்பும். பெரும்பாலான பாலூட்டிக்கு இதே ரெண்டு தான். மனுஷனுக்கும் நம்ம ஊர்க் குரங்குக்கும் மூணு. டால்பின், திமிங்கிலத்துக்கு அந்த நீலக் கோனும் போயிடுச்சு, வாழ்றது நீலக் கடல்ல, ஆனா அதுக்கான கோன் இல்ல! சாதாரண சாயம் போட்ட ஸ்லைடுல எல்லாக் கோனும் ஒரே மாதிரி தான் தெரியும், எந்த நிறத்துக்கான கோன்னு பிரிச்சுக் காட்ட ஆன்டிபாடி சாயம் வேணும்.

கேள்வி: எங்க அப்பாவுக்கு 71 வயசு. மேக்குலா கெட்டுப் போச்சுன்னு சொல்லிட்டாங்க, எதிர்ல உக்காந்திருக்குறவங்க முகமே தெரியல. புது மருந்து குடுத்து எலிக்குப் பார்வை திரும்பிச்சுன்னு செய்தி வந்துக்கிட்டே இருக்கே, அது எப்பங்க ஐயா நமக்கு வரும்? – வாசகர், மதுரை

உங்க கடிதத்த ரெண்டு மூணு தடவ படிச்சேங்க. பேரப்புள்ள முகம் கலங்கலா ஒரு வட்டம் மாதிரி தெரியுதுன்னு அப்பா சொன்னதா எழுதியிருந்தீங்க. நான் கண் டாக்டர் இல்ல, வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, ஆனா எலிச் செய்திய எப்படிப் படிக்கணும்னு மட்டும் சொல்ல முடியும்.

எலிக்கு மேக்குலா கிடையாதுங்க. இது தான் விஷயமே. மனுஷ விழித்திரைய நடுவுல வெட்டி மைக்ரோஸ்கோப்ல வச்சா, நாம முகம் பாக்குற எழுத்துப் படிக்குற இடத்துல ஒரு குழி தெரியும், மேக்குலாவோட நட்ட நடு அது தான். குழியோட ஓரத்துல கேங்லியன் செல்லு ஆறேழு வரிசை கூட குவிஞ்சு கிடக்கும், மத்த இடத்துல ஒத்தை வரிசை தான். குழிக்குள்ள இறங்க இறங்க உள் லேயர் ஒவ்வொண்ணா ஒதுங்கி வழி விடுது, ரத்தக்குழாய் கூட ஒதுங்கிடுது, அடியில கோன் மட்டும் தான், ராட் ஒண்ணு கூட இல்ல. அந்தக் கோனும் ஊசி மாதிரி மெலிசா நெருக்கி அடிச்சு நிக்குது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சராசரியா 2 லட்சம் வரைக்கும். ஒவ்வொரு கோனுக்கும் சொந்தமா பைபோலார், சொந்தமா கேங்லியன். அந்த ராட் இல்லாத வட்டத்தோட அகலம் மொத்தமே 0.35 மில்லிமீட்டர். மொத்த விழித்திரையில ராட் கோடிக்கணக்குல இருந்தாலும் உங்க அப்பா பேரன் முகத்தப் பாத்துச் சிரிக்கிறது இந்தக் கடுகளவு கூட இல்லாத இடத்த நம்பித் தான்.

இந்தக் குழி பாலூட்டியில நமக்கும் குரங்கு வகைக்கும் மட்டும் தான் உண்டு. அதனால எலியில ராட் செத்துப் போறத தடுத்த மருந்து இந்தக் குழியில இருக்குற கோனையும் காப்பாத்தும்னு அப்படியே எடுத்துக்க முடியாது. ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் இது தெரியும், அதனால தான் எலிக்கு அப்புறம் பன்னிக்குப் போறாங்க, பன்னிக்குக் குழி இல்லன்னாலும் கண்ணு நம்ம அளவு கிட்ட இருக்கு, டபீட்டம் இல்ல, நடுவுல படுக்கை வாட்டுல கோன் நெருக்கமா ஒரு பட்டை இருக்கு. நாய் விஷயத்துல ஒரு ஆச்சரியம், 2014ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல நாய் விழித்திரைய நுணுக்கமா பாத்தப்ப நடுவுல ஒரு சின்னப் புள்ளியில கோன் திடீர்னு நெருங்கி நிக்கிறதக் கண்டாங்க, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1,20,000க்கும் மேல. குழி இல்ல, ஆனா நெருக்கம் குரங்குக் குழி பக்கத்துல வருது. அத்தன வருஷமா எத்தனையோ பேர் நாய்க் கண்ண ஸ்லைடு போட்டிருக்கோம், நானும் போட்டிருக்கேன், அந்தப் புள்ளி வழியா கத்தி போகாததால யாரும் பாக்கல.

நம்பிக்கை இல்லாம இல்லைங்க. பிரியார்ட்னு ஒரு நாய் ஜாதி, பரம்பரையா ஆர்.பி.இ.65ங்குற ஜீன் கெட்டு பார்வை இல்லாம பிறக்கும். நல்ல ஜீன விழித்திரைக்குப் பின்னாடி ஊசியில குடுத்து நாய்க்குப் பார்வை வந்தத 2001ல வெளியிட்டாங்க, அதே ஜீன் கெட்ட மனுஷங்களுக்கு அமெரிக்காவுல 2017 டிசம்பர்ல அனுமதி கிடைச்சுது. நாய்ல ஜெயிச்சதுலேர்ந்து 16 வருஷம். ஆனா அது பிறவியில வர்ற வேற நோய், அப்பாவுக்கு வயசுல வந்த மேக்குலா கோளாறுக்கு அது மருந்து இல்ல, யாராவது அப்படிச் சொல்லி பணம் கேட்டா தயவு செஞ்சு ஏமாந்துடாதீங்க. இனிமே செய்தி வந்தா எந்தப் பிராணியில பண்ணாங்க, ராட்லயா கோன்லயா, மனுஷங்கள்ல சோதனை ஆரம்பிச்சாச்சான்னு மூணையும் தேடிப் பாருங்க, தெரியலன்னா செய்திய வெட்டி டாக்டர் கிட்டயே கொண்டு போய்க் கேளுங்க. ஓரப் பார்வை அப்பாவுக்கு மிச்சம் இருக்கும், முகத்த நேரா பாக்காம கொஞ்சம் ஒதுக்கிப் பாக்கச் சொல்லிக் குடுக்குற பயிற்சி கூட இருக்கு, அதையும் டாக்டர் கிட்ட கேளுங்க.

கேள்வி: எங்க பக்கம் கடவூர்ல தேவாங்கு சரணாலயம் வந்திருக்கு. தேவாங்கும் குரங்கு ஜாதி தானே, அதுக்கும் நம்ம மாதிரி குழி இருக்குமா? – பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்

நல்ல கேள்வி சார். தேவாங்கு நமக்குச் சொந்தம் தான், ஆனா ரொம்பப் பழைய காலத்துல பிரிஞ்ச கிளை. அதுக்குக் குழி கிடையாது, டபீட்டம் இருக்கு, ராட் ஏராளம். அதே ராத்திரி வாழ்க்கை வாழ்ற டார்சியர்னு ஒரு பிராணி தென்கிழக்கு ஆசியாவுல இருக்கு, அது நம்ம கிளைக்கு நெருக்கம், அதுக்கு டபீட்டம் இல்ல, குழி இருக்கு! அதோட முன்னோர் பகல்ல திரிஞ்சப்ப டபீட்டத்த இழந்துடுச்சு, மறுபடி ராத்திரிக்குத் திரும்பினப்ப கண்ணாடி இல்லாததால கண்ணையே பெரிசாக்கிக்கிச்சுன்னு தான் விளக்கம் சொல்றாங்க. ஒரு கண்ணு அதோட மூளை அளவுக்கு இருக்கும்.

கடவூர் காட்டுல ராத்திரி தேவாங்கு கணக்கெடுக்குறவங்க நம்பி இருக்குறதும் அந்த டபீட்டத்தத் தான், டார்ச் பட்டதும் மரத்துல ரெண்டு தணல் மாதிரி மின்னும். பசங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா வனத்துறை அனுமதியோட போங்க, டார்ச்சுல சிவப்பு கண்ணாடித் தாள் ஒட்டிக்கோங்க. ராட் செல்லுக்குச் சிவப்பு வெளிச்சம் ரொம்பக் குறைவா தான் தெரியும், வெள்ளை டார்ச்ச நேரா அடிச்சா அது திரும்ப இருட்டுக்குப் பழக வெகு நேரம் ஆகும், அதுவரைக்கும் பூச்சி பிடிக்கக் கஷ்டப்படும்.